விருந்துக் குரல்கள்: ஜாஸ் இசைத்தட்டில் பாடுபவரின் இடம்

இக்காலத்தில் வெளியாகும் ஜாஸ் இசைத்தொகுப்புகள் பலவற்றின் பின்னட்டையில், உருப்படியின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இன்னொருவர் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். பியானோவோ டிரம்ஸோ சாக்ஸபோனோ வாசிக்கும் ஒருவர் தொகுப்புக்குத் தலைமை ஏற்றிருப்பார். ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு பாடகரோ, ராப் சொல்பவரோ, வேறு இசைமரபைச் சேர்ந்த ஒருவரோ வெளியிலிருந்து வந்து தம் பங்கைப் பாடிவிட்டுச் செல்வார். திரைப்படத்தின் கௌரவத் தோற்றத்தை நினைவூட்டும் இந்த ஏற்பாட்டை விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்கும் தூய்மைவாதிகளும், ஹிப்-ஹாப் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுவோரும் உண்டு. இசைத்தட்டின் வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தால் இரு தரப்பாரும் கதையைப் பாதியில் இருந்து தொடங்குவது தெரியவரும். ஜாஸில் பாடுபவர் முதலில் குழுவின் கூலியாளாக இருந்தார், பிறகு குழுவையே கூலிக்கு அமர்த்தும் நிலைக்கு உயர்ந்தார், வெகுகாலம் கழித்தே விருந்தினர் ஆனார்.

கர்நாடக இசைக் கச்சேரியின் அமைப்பில் பழகிய வாசகருக்கு இதில் ஒரு தலைகீழ்த் தன்மை புலப்படக்கூடும். கச்சேரி மேடையில் பாடுபவர் நடுவில் அமர, வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியங்களாக அமைகின்றன. வாத்தியக் கச்சேரியிலும் சாகித்தியத்தைக் குரலில் பாடுவது போல வாசிப்பதே பெருமையாகக் கருதப்படுகிறது. ஜாஸோ, நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஊதுகருவிக் குழுக்களிலும் நடனக் கூடங்களிலும் வளர்ந்தது ஆதலால், அதன் மனோதர்மம், அதாவது எடுத்துக்கொண்ட மெட்டின் சுரக்கட்டின்மேல் அந்தந்த நேரத்துக் கற்பனையை விரித்து வாசிக்கும் முறை, கருவிகளின் கையில்தான் உருப்பெற்றது. சொற்களோடு கூடிய பாடல் அங்கே பெரும்பாலும் கற்பனைக்கான கச்சாப்பொருள்; அதைச் சொற்களோடு பாட வந்தவர், வீட்டின் உரிமை பெறாத ஒருவராகவே தொடக்கத்தில் நடத்தப்பட்டார்.

1920களின் நடனக் குழுத் தட்டுகளில் பாடுபவருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் மட்டுமே ஓடிய அந்தத் தட்டுகளில் குழு மெட்டை ஒருமுறை வாசித்து முடித்த பிறகு, பாடுபவர் எழுந்து ஒரு சுற்றுப் பாடிவிட்டு அமர்ந்துவிடுவார். தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்தில் குழுத்தலைவரின் பெயர் பெரிதாக இருக்க, பாடியவரின் பெயர் பல வேளைகளில் இடம்பெறாது, பாட்டும் உண்டு என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். 1929இல் பால் வைட்மேன் தம் குழுவில் மில்ட்ரெட் பெய்லியைச் சேர்த்துக்கொண்டது, பெரிய நடனக் குழு ஒன்றில் பெண்ணொருவர் நிலையான பாடகியாக அமர்த்தப்பட்ட முதல் நிகழ்வுகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. 1935 ஜூலையில் பியானோ கலைஞர் டெடி வில்சனின் பெயரில் பிரன்ஸ்விக் நிறுவனம் பதிவுசெய்த தட்டுகளில் பாடிய பில்லி ஹாலிடேக்கு அப்போது வயது 20. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்காகக் குறைந்த செலவில் தயாரிக்கப்பட்ட அந்தத் தட்டுகளிலும் அவருக்குக் கிடைத்தது நடுவில் ஒரு சுற்றே. ஆனால் மெட்டின் வரியைப் பின்னுக்கு இழுத்தும், சுரங்களைக் குறைத்தும், தாளத்தின் விளிம்பில் தொங்கியும் அவர் பாடிய முறை, அருகில் நின்ற ஊதுகருவிக்காரரின் மனோதர்மத்தோடு ஒப்பத்தக்கதாக இருந்தது. கூலிக்கு வந்த குரல் கருவியின் தகுதியைத் தட்டிக் கேட்ட இடம் அது என்று சொல்வது மிகையாகாது.

நிலைமையைப் புரட்டிப்போட்டது இசை அன்று, தொழிற்சங்கச் சண்டை. 1942 ஆகஸ்ட் 1 அன்று ஜேம்ஸ் பெட்ரில்லோவின் தலைமையில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், விற்கும் தட்டுகளிலிருந்து சங்கத்தின் நிதிக்குப் பங்கு வேண்டும் என்று கோரி, ஒலிப்பதிவுக்கூடங்களுக்கு வாசிக்கச் செல்வதை அடியோடு நிறுத்தியது. டெக்கா நிறுவனம் 1943இல் இணங்கியது. கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பர் வரை பிடிவாதம் பிடித்தன. பாடுபவர்கள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் அல்லர் என்பதால் தடை அவர்களைக் கட்டவில்லை. டாமி டார்சியின் குழுவைவிட்டு 1942இல் வெளியேறியிருந்த ஃபிராங்க் சினாட்ரா, கருவிகளே இல்லாமல் கோஷ்டிக் குரல்களைப் பின்னணியாக வைத்துக் கொலம்பியாவுக்குப் பாடிக் கொடுத்தார். குழுக்கள் கூடத்துக்குத் திரும்பியபோது கேட்பவர்களின் செவி குரலுக்குப் பழகிவிட்டிருந்தது. அதன் பிறகு தட்டில் பெரிதாக அச்சாகியது பாடகரின் பெயர்தான். 1944இல் அமெரிக்க அரசு பாட்டும் ஆட்டமும் நடக்கும் விடுதிகளின்மேல் முதலில் 30 விழுக்காடும் பிறகு 20 விழுக்காடும் வரி விதித்ததும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி. வெறும் கருவியிசைக்கு அந்த வரி இல்லை ஆதலால், சிறிய விடுதிகள் பாடகரைத் தவிர்த்து, உட்கார்ந்து கேட்பதற்கான வேகமான, சிக்கலான பீபாப் என்னும் புதுப் பாணியின் கருவிக்காரர்களை அமர்த்தத் தொடங்கின. இவ்வாறு குரல் ஒரு பக்கமும் கருவி இன்னொரு பக்கமும் பிரிந்துபோனதற்குக் கலைக்கொள்கை எவ்வளவு காரணமோ அவ்வளவு வரிச்சட்டமும் காரணம் எனலாம். பிரிந்தவர்கள் மீண்டும் ஒரே தட்டில் கூடுவதற்குத்தான் இனி அழைப்பு என ஒன்று தேவைப்பட்டது.

1948இல் கொலம்பியா அறிமுகம் செய்த நெடுந்தட்டு, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் தந்ததால், அத்தகைய கூட்டங்களுக்கு வசதியாக அமைந்தது. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டையும் லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் 1956இல் இணைத்தது பெரும்புகழ் பெற்றது. ஆனால் இந்த வரலாற்றுக்கு முக்கியமானவை சற்றே ஒதுங்கி நிற்கும் இரண்டு தட்டுகள். ஒன்று 1960இல் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச், பாடலாசிரியர் ஆஸ்கர் பிரவுனோடு சேர்ந்து கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பொருளாக்கி அமைத்த தொகுப்பு. அதன் ஒரு பகுதியில் பாடகி ஆபி லிங்கன் சொற்களை முற்றும் கைவிட்டு, டிரம்ஸோடு மட்டும் முனகியும் அலறியும் பாடுகிறார். மற்றொன்று 1963 மார்ச் 7 அன்று நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் பாடகர் ஜானி ஹார்ட்மனும் பதிவுசெய்த ஆறு பாடல்கள். கோல்ட்ரேனின் தலைமையில் பாடகர் ஒருவரோடு வந்த தட்டு அது ஒன்றே. அரை மணி நேரம் மட்டுமே ஓடும் அத்தொகுப்பில், நீண்டு சீறும் வாசிப்புக்குப் பேர்போன அந்தச் சாக்ஸபோன், ஹார்ட்மனின் கனத்த தாழ்ந்த குரல் சொல்லி முடித்த இடத்தைத் தொட்டு எடுத்து, அதே நிதானத்தில் மேலே கொண்டுபோகிறது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கூட்டுத் தொகுப்புகளை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமானால், விருந்தளிப்பவர் விருந்தினருக்காகத் தம் பேச்சின் வேகத்தை மாற்றிக்கொள்கிறாரா என்னும் இந்த ஒன்றே போதும்.

அதே மாதத்தில், சில நாட்கள் கழித்து, நியூயார்க்கில் நடந்த இன்னொரு பதிவு விருந்தோம்பலின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் பிரேசில் நாட்டின் பாடகரும் கிதார் கலைஞருமான ஜோவாவ் ஜில்பெர்த்தோவும் இணைந்து, சாம்பா தாளத்தை மெல்லொலியில் இறக்கிய போசா நோவா பாணியில் அமைத்த அந்தத் தொகுப்பில், ஆங்கிலத்தில் பாட ஆள் வேண்டியிருந்தது. அதுவரை தொழில்முறையில் பாடியிராத ஜோவாவின் மனைவி அஸ்த்ருட் இரண்டு உருப்படிகளில் பாடினார். 1964இல் தொகுப்பு வெளியானபோது அட்டையில் கெட்ஸ், ஜோவாவ், இசையமைப்பாளர் ஜோபிம் மூவர் பெயரும் இருந்தன, அஸ்த்ருடின் பெயர் இல்லை. இப்பனேமா பெண்ணைப் பற்றிய பாடலைத் தனித்தட்டாக வெளியிடும்போது தயாரிப்பாளர் கிரீட் டெய்லர், வானொலிக்கு ஏற்ற நீளத்துக்குக் குறைப்பதற்காக, ஜோவாவ் போர்ச்சுகீசிய மொழியில் பாடிய பகுதியையே வெட்டி எறிந்தார். அந்தத் தனித்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. அழைத்தவரின் குரல் வெட்டுப்பட, அழைப்பே இல்லாமல் வந்தவரின் குரல் உலகைச் சுற்றியது. அவருக்குக் கிடைத்த ஊதியம், ஓர் அமர்வுக்கான சங்கக் கூலியாகிய 120 டாலர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை 1965இல் அத்தொகுப்பு பெற்றது. ஜாஸ் தொகுப்பு ஒன்று அவ்விருதைப் பெறுவது அதுவே முதல்முறை.

தட்டு நிறுவனங்கள் இதிலிருந்து கற்ற பாடம் எளிமையானது, சற்று மலினமானதும்கூட: கருவியிசைத் தொகுப்பில் வானொலிக்கென ஒரு பாட்டைச் சேர்த்துவிட வேண்டும். 1979இல் குருசேடர்ஸ் குழு ராண்டி கிராஃபர்டைப் பாடவைத்த தெரு வாழ்க்கை பற்றிய நெடும்பாடலும், 1980இல் சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டனின் 'வைன்லைட்' தொகுப்பில் பில் விதர்ஸ் பாடிய ஒற்றைப் பாடலும் அவ்வாறு வந்தவை. விதர்ஸின் பாடல் 1981இல் விற்பனைப் பட்டியலின் இரண்டாம் இடத்தைத் தொட்டது. இன்றும் பலர் அதை விதர்ஸின் பாடலாகவே அறிவர், அது யாருடைய தொகுப்பில் வந்தது என்பதை அறியார். 1989இல் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் வெளியிட்ட 'பேக் ஆன் தி பிளாக்' இந்த முறையை ஒரு பெருவிருந்தாக விரித்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான், மைல்ஸ் டேவிஸ், டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகியோரையும் ஐஸ்-டி, பிக் டாடி கேன் முதலிய ராப் கலைஞர்களையும் ஒரே பந்தியில் அமர்த்திய அத்தொகுப்பில், பந்தி பரிமாறும் ஆரவாரத்தில் தனித்தனி உணவின் சுவை தெரியாமல் போனது என்றாலும், ஜாஸும் ராப்பும் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள் என்பதைப் பெரும்பணம் செலவிட்டு அறிவித்த முதல் தட்டு அதுதான்.

குடும்ப உறவு இருபுறமும் நடந்தது. பழைய ஜாஸ் தட்டுகளின் சிறு துணுக்குகளை வெட்டி எடுத்து, சுழலவிட்டு, அதன்மேல் சந்தச் சொற்களை அடுக்கும் சாம்பிளிங் என்னும் முறையால் ராப் கலைஞர்கள் அந்த இசையை முன்னரே தம்முடையதாக்கியிருந்தனர். 1991இல் ஏ டிரைப் கால்டு குவெஸ்ட் குழு ரான் கார்டரை நேரிலேயே அழைத்து பாஸ் வாசிக்கவைத்தது. 1993இல் குரு என்ற ராப் கலைஞர் 'ஜாஸ்மட்டாஸ்' என்னும் தொகுப்பில் டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட், வைப்ரஃபோன் கலைஞர் ராய் எயர்ஸ் முதலியோரை விருந்தினராக்கினார். கருவிக்காரர் விருந்தினராகவும் சொல்பவர் வீட்டுக்காரராகவும் அமைந்த இந்த மாற்றம்தான், அடுத்த பத்தாண்டுகளில் ஜாஸ் கலைஞர்கள் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்த விதத்தைத் தீர்மானித்தது.

அந்தக் கதவைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் டெக்சாஸில் பிறந்து வளர்ந்த டிரம்பெட் கலைஞர் ராய் ஹார்க்ரோவ். 2000ஆம் ஆண்டு வெளிவந்த டி'ஏஞ்சலோவின் 'வூடூ', காமனின் 'லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்' ஆகிய தொகுப்புகளுக்கு நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி கூடத்தில் வாசித்த அவர், 2003இல் ஆர்எச் ஃபேக்டர் என்ற குழுவின் பெயரில் 'ஹார்டு குரூவ்' தொகுப்பை அமைத்தபோது, அந்த டி'ஏஞ்சலோவையும் காமனையும், அவர்களோடு எரிகா பாடு, கியூ-டிப், மிஷெல் எண்டெகெசெல்லோ ஆகியோரையும் தம் வீட்டுக்கு அழைத்தார். அழைப்புக்கு நிறுவனத்தின் கணக்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அது ஏற்கெனவே ஒன்றாக வாசித்துப் பழகியவர்களின் மறுவிருந்து, மொய்க்கு மொய் வைப்பது போன்ற உறவு. ஹார்க்ரோவும் எரிகா பாடுவும் டாலஸ் நகரின் ஒரே கலைப்பள்ளியில் படித்தவர்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஹியூஸ்டனில் 1978இல் பிறந்த பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் 2012இல் புளூ நோட் நிறுவனத்தில் வெளியிட்ட 'பிளாக் ரேடியோ', இந்த வடிவத்தின் முழு வளர்ச்சி. விமானம் நொறுங்கினாலும் அழியாமல் மிஞ்சும் பதிவுக் கருவியான கறுப்புப் பெட்டியைக் குறிக்கும் தலைப்பு அது. கிளாஸ்பரின் தாயார் தேவாலயத்திலும் இரவு விடுதிகளிலும் பாடியவர். பாட்டுக்குப் பின்னால் வாசிப்பதைத் தாழ்வாக எண்ணாத அவருடைய இயல்புக்கு அந்த வளர்ப்பு காரணம் எனக் கருத இடமுண்டு. கேசி பெஞ்சமின், டெரிக் ஹாட்ஜ், கிறிஸ் டேவ் ஆகியோரைக் கொண்ட நால்வர் குழு தொகுப்பு முழுவதும் மாறாமலிருக்க, லாலா ஹாத்தவே, பிலால், லூப்பே ஃபியாஸ்கோ, லெடிசி, யாசீன் பே என்று குரல்கள் மட்டும் மாறிக்கொண்டே போகின்றன. தாளத்தைக் கட்டத்துக்குள் கச்சிதமாகப் பொருத்தாமல், அடிகளைச் சற்று முன்னும் பின்னும் நழுவவிடும் பாணி ஒன்றை டெட்ராய்ட் நகரின் ஜே டில்லா தம் சாம்பிளிங் கருவியில் உருவாக்கியிருந்தார். இயந்திரத்தில் பிறந்த அந்த நழுவலை உயிருள்ள கைகளால் வாசித்துக் காட்டுவதே கிறிஸ் டேவின் தனிக்கலை. பியானோவின் நீண்ட தனியாவர்த்தனங்களை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், ஏனெனில் இங்கே மனோதர்மம் தனிவாசிப்பில் இல்லை, குரலுக்கு அடியில் ஓயாமல் நிறம் மாறும் பின்னணியில் இருக்கிறது.

அத்தொகுப்பின் முதன்மையான உருப்படிகளுள் ஒன்றாக எரிகா பாடு பாடும் 'ஆஃப்ரோ புளூ' அமைந்தது தற்செயல் அன்று. கியூபாவைச் சேர்ந்த மோங்கோ சந்தமாரியா 1959இல் அமைத்த மெட்டு அது. ஆஸ்கர் பிரவுன் அதற்குச் சொல் எழுதினார், ஆபி லிங்கன் அதே ஆண்டில் பாடினார், கோல்ட்ரேன் 1963இல் சொற்களை நீக்கிவிட்டுத் தம் சாக்ஸபோனில் அதைப் புயலாக்கினார். குரலிலிருந்து கருவிக்குப் போன மெட்டு ஐம்பது ஆண்டு கழித்து மீண்டும் குரலுக்குத் திரும்பியிருக்கிறது. 2013இல் 'பிளாக் ரேடியோ' கிராமி விருது பெற்றது, ஆனால் ஜாஸ் பிரிவில் அன்று, ஆர் அண்ட் பி பிரிவில். இதற்கு நேர் எதிராக, டிரம்ஸ் கலைஞர் டெரி லின் காரிங்டன் முழுக்கப் பெண்களையே கொண்டு 2011இல் அமைத்த 'மொசைக் புராஜெக்ட்', தலைவர் பாடகரே அல்லர் என்றாலும், டையான் ரீவ்ஸ், கசாண்ட்ரா வில்சன், எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங் முதலியோரின் குரல்களுக்காக ஜாஸ் பாட்டுப் பிரிவில் விருது பெற்றது. கடை அலமாரியின் பெயர்ப்பலகைகள் இசையைவிட மெதுவாகத்தான் நகர்கின்றன.

இதே காலத்தில் ஸ்னார்க்கி பப்பி குழு வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் பார்வையாளர் முன்னிலையில் பதிவுசெய்து 2013இல் வெளியிட்ட 'ஃபேமிலி டின்னர்' என்னும் தொகுப்பில், லாலா ஹாத்தவே ஒரே மூச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்களை ஒருசேர எழுப்பிய இடம், உடன் வாசித்தவர்களையே திகைக்கவைத்தது. விருந்தினரை நேருக்கு நேர் அமர்த்தி ஒரே அறையில் பதிவுசெய்வதன் பயனுக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை, ஏனெனில் பாடுபவர் வேறொரு ஊரில் தனியே பாடி அனுப்பும் கோப்பில் அத்தகைய திகைப்புக்கு இடமில்லை.

பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் மூன்று தொகுப்புகளை வரிசையாகக் கேட்டாலே இந்த வேறுபாடு விளங்கும். ஸ்டிங், கிறிஸ்டினா அகிலேரா, பால் சைமன் முதலியோரைக் கூட்டி 2005இல் வந்த 'பாசிபிலிட்டீஸ்' பெயர்ப்பட்டியலின் பகட்டைத் தாண்டவில்லை. பெரும்பாலும் ஜோனி மிட்செலின் பாடல்களையே எடுத்துக்கொண்டு, நோரா ஜோன்ஸ், டினா டர்னர், லூசியானா சூசா ஆகியோருக்கும் மிட்செலுக்கும் இடம் தந்து 2007இல் வெளிவந்த 'ரிவர்', வேய்ன் ஷார்ட்டரின் சாக்ஸபோன் குரல்களின் இடைவெளியில் சொற்ப சுரங்களில் பேசும் அடக்கத்தால், கோல்ட்ரேன் ஹார்ட்மன் தட்டின் வழித்தோன்றலாக நிற்கிறது. 2008இல் அது ஆண்டின் சிறந்த தொகுப்பானபோது, கெட்ஸ் ஜில்பெர்த்தோ தொகுப்புக்குப் பின் 43 ஆண்டுகள் கழிந்திருந்தன. பல நாடுகளில் பதிவான 2010இன் 'இமேஜின் புராஜெக்ட்' தமிழர் வீடுகளில் நன்கு பழகிய ஒரு குரலையும் கொண்டது: அதன் ஓர் உருப்படியில் கே. எஸ். சித்ரா, சாக்கா கான், அனுஷ்கா சங்கர், ஷார்ட்டர் ஆகியோர் சந்திக்கின்றனர். சந்திப்பு அரியது; இசை அவ்வளவு இறுகிப் பிணையவில்லை. இதைவிட நெருக்கமான பிணைப்பு, நாகசுரம் பயின்ற அமெரிக்கச் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ, ஆர். ஏ. ரமாமணியின் குரலோடும் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடும் இணைந்து 1983இல் இசிஎம் நிறுவனத்தில் வெளியிட்ட 'ஜோதி'யில் ஏற்கெனவே நிகழ்ந்திருந்தது.

லண்டனின் எஸ்ரா கலெக்டிவ் குழு சாம்பா தி கிரேட், எமிலி சாண்டே முதலியோரைப் பாடவைத்த தொகுப்புக்காக 2023இல் மெர்க்குரி பரிசைப் பெற்றது. ஜாஸ் குழு ஒன்றுக்கு அப்பரிசு கிட்டியது அதுவே முதல். அமெரிக்காவில் 2024இல் கிராமி அமைப்பினர் மாற்று ஜாஸ் என்றொரு புதுப் பிரிவைத் தொடங்க, அதன் முதல் விருது, 2003இல் ஹார்க்ரோவின் தொகுப்பிலும் 2012இல் கிளாஸ்பரின் தொகுப்பிலும் விருந்தினராக இருந்த மிஷெல் எண்டெகெசெல்லோவுக்குச் சென்றது. இம்முறை அவரே வீட்டுக்காரர், ஜேசன் மோரன், ஜெஃப் பார்க்கர், பிராண்டி யங்கர் எனக் கருவிக்காரர்கள் அவருடைய விருந்தினர்.

விருந்து என்ற சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் பொருள் புதுமை என்பதாகும். வீட்டுக்குப் புதிதாக வந்தவர் விருந்தினர் ஆனது அதன் வழியே. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யா, பியானோ கலைஞர் ஆல்பிரெடோ ரோட்ரிகஸின் தொகுப்பிலும் 2021இல் எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங்கின் தொகுப்பிலும் அத்தகைய புதியவராகப் பாடியவர். 2024இல் அவர் வெளியிட்ட 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' தொகுப்பில் ஸ்பால்டிங்கும், பியானோ கலைஞர் விஜய் ஐயரும், ஷபாகா ஹட்சிங்ஸும் விருந்தினராக வந்திருக்கின்றனர். ஹியூஸ்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் கூடிப் பாடிய அந்த இசை, ஜான் கோல்ட்ரேனின் மனைவியும் ஹார்ப் கலைஞருமான ஆலிஸ் கோல்ட்ரேனின் நினைவைச் சுற்றி எழுப்பப்பட்டது.